முப்பது நிமிட நாற்காலி

புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடைகளின் முன் ஷட்டர் ஏறுவது காலை ஒன்பதரைக்கு. வேலை செய்கிறவர்களுக்கு எட்டே முக்காலுக்கே பின்சந்து வாசல் திறந்துவிடும். 2021 டிசம்பர் இரண்டாம் வாரம். நவம்பர் மழையில் ஊறிய சந்துச் சுவர் இன்னும் காயவில்லை. அறுபதை நெருங்குகிற வாட்ச்மேன் ஒருவர், வருகிற ஒவ்வொரு பெண்ணின் மணிக்கட்டுக்கு நேராகவும் டெம்பரேச்சர் மிஷினை நீட்டுகிறார். அது காட்டும் எண்ணைப் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன் நோட்டில் எழுதிக்கொள்கிறான். நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள். ஒரு பெயரையும் அவர் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் உள்ளே, பின்நடையில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறேன். அங்கேதான் ஆல்டரேஷன் தையல்காரரின் மிஷின். எனக்கு மாமா முறை. பேன்ட் அடி மடிப்பது, ரவிக்கையைப் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. காலை நேரங்களில் அவர் பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. டெய்லர் வீட்டு ஆள் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஸ்டூலிலிருந்து பார்த்தால் வருகைப் பதிவேட்டு மேசை தெரியும். சரக்கு லிஃப்ட் தெரியும். அக்கவுண்ட்ஸ் அறையின் அரைக்கதவு தெரியும். கடையில் ஓடுகிற மொத்த வாழ்க்கையும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

பதிவேட்டு மேசைக்கு மேல் சுவரில் இரண்டு தாள்கள். ஒன்று செய்தித்தாளில் வெட்டி ஒட்டியது. டிசம்பர் 4-ஆம் தேதி புதுச்சேரி சுகாதாரத் துறை போட்ட ஆணை பற்றிய செய்தி: 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி பொது சுகாதாரச் சட்டத்தின்படி, யூனியன் பிரதேசத்தில் எல்லோருக்கும் கொரோனா தடுப்பூசி உடனடியாகக் கட்டாயம், மீறினால் சட்டப்படி நடவடிக்கை. மற்றது கடையின் தாள். கம்ப்யூட்டரில் அடித்து ரப்பர் ஸ்டாம்ப் வைத்தது. வெள்ளிக்கிழமை கடையிலேயே ஊசி முகாம். ஒரு ஊசியும் போடாதவர்கள் வரும் திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாம். முதல் ஊசி மட்டும் போட்டவர்கள் இரண்டாவது போடும்வரை வாரம் ஒருமுறை பி.சி.ஆர். டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் ரிப்போர்ட் காட்ட வேண்டும்; டெஸ்ட் செலவு பணியாளருடையது. நிர்வாகம்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், அதை மொபைலில் படம் எடுத்துக்கொள்கிறாள்.

"அக்கா, பி.சி.ஆர்.னா மூக்குல குச்சி உடுறதா?"

"ஆமா. வெளியில எடுத்தா காசு."

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில?"

"காசில்ல. வரிசையில நின்னா அரை நாளு பூடும்."

"அந்த அரை நாளுக்குச் சம்பளம்?"

அக்கா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடியேறிப் போகிறார்.

கோவிஷீல்டுக்கு முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் இடையே அப்போது குறைந்தது 84 நாள். வாரம் ஒரு டெஸ்ட் என்றால் பன்னிரண்டு டெஸ்ட். பன்னிரண்டு அரை நாள். ஆறு நாள் சம்பளம். இதை அந்தப் பெண் படிக்கட்டிலேயே நின்று விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டாள். அந்தத் தாளை அடித்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எண்ணியிருந்தால் அப்படி எழுதியிருக்க மனம் வந்திருக்காது.

எனக்கு இந்த விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லை. தடுப்பூசி வேண்டும் என்கிற ஆள் நான். அந்த 2021 மே மாதத்தில் ஜிப்மர் வாசலிலும் கதிர்காமம் மருத்துவக் கல்லூரி வாசலிலும் ஆம்புலன்ஸ்களைப் பார்த்த யாரும் ஊசியை அலட்சியமாகப் பேச மாட்டார்கள். ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற பெண்ணுக்கு முன்னால் ஒரு நாளைக்கு நூறு முகம் வந்து குனிகிறது; அவளுக்குத்தான் முதலில் அந்தக் காப்பு வேண்டும். ஆனால் ஊசியை வேலைக்கு நிபந்தனையாக எழுதும்போது, கேட்கிறவர் தரப்புக்கும் ஒரு கடமை சேர்கிறது. அந்தத் தாளில் அதற்கு ஒரு வரி இல்லை.

சட்டத்தில் அப்போது அதற்கு இடம் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 9-ஏ பிரிவு. ஒரு நிறுவனம் சம்பளம், வேலை நேரம், விடுப்பு போன்றவற்றை மாற்றினாலோ, புதிதாக ஒழுங்கு விதி கொண்டுவந்தாலோ, 21 நாள் முன்னதாகத் தொழிலாளிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது அது. அந்த 21 நாளும் சும்மா கழிகிற நாள் அல்ல. உட்கார்ந்து பேசுவதற்கு வைத்த நாள். டெஸ்ட் செலவு யாருடையது, ஜுரம் வந்தால் லீவு உண்டா, கைக்குழந்தைக்காரிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பதில் வாங்குகிற நாள். கடையின் தாள் ஒட்டப்பட்டது செவ்வாய்க்கிழமை. திங்கள் முதல் அமல். நடுவில் ஆறு நாள்தான்.

தொற்றுக் காலத்தில் இப்படிக் குறுக்குவழியில் வந்த நிபந்தனை இது ஒன்று மட்டும் அல்ல. 2020 மே 1-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் அரசு, தனியார் ஊழியர் எல்லோருக்கும் ஆரோக்கிய சேது செயலியைக் கட்டாயமாக்கியது. நூற்றுக்கு நூறு பேர் வைத்திருப்பதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு என்றது. பதினாறு நாளில், மே 17-ஆம் தேதி ஆணையில், 'முடிந்தவரை முயற்சி' என்று இறங்கிவந்தது. அந்த நாட்களில் ஸ்மார்ட்போன் இல்லாத கடைப் பெண்கள் அண்ணன் போனை, தம்பி போனைக் கடன் வாங்கி வந்து வாசலில் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பர் 18-ஆம் தேதி தமிழ்நாடு, தொழிற்சாலை, கடை, விடுதி என்று ஆள் கூடும் இடங்களுக்கெல்லாம் தடுப்பூசியை நிபந்தனையாக்கியது. டிசம்பரில் மதுரை மின்வாரியத்தில் ஊசி போடாதவருக்கு அந்த மாதச் சம்பளம் இல்லை என்று சுற்றறிக்கை போனது. இந்திய விமானப் படையில் ஊசி மறுத்த ஒருவர் வேலையையே இழந்தார். அது குஜராத் உயர் நீதிமன்றம்வரை பேசப்பட்டது. இத்தனைக்கும், கொரோனா தடுப்பூசி அவரவர் விருப்பம் என்பதுதான் மத்திய அரசு தொடக்கம் முதல் சொல்லிவந்த பதில்.

வெள்ளிக்கிழமை.

பத்து மணிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள்: ஒரு நர்ஸம்மா, ஒரு ஆஷா பணியாளர், டேட்டா ஏற்றுவதற்கு ஒரு தம்பி. நீல நிறப் பெட்டிக்குள் ஐஸ் பேக், அதற்குள் சின்னச் சின்ன புட்டிகள். ஒரு புட்டியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால் பத்துப் பேர் சேர்ந்த பிறகுதான் நர்ஸம்மா மூடியைத் திறக்கிறார். ஒன்பது பேர் இருக்கும்போது பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில் அவர் சும்மா இருப்பதில்லை. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை.

"சாப்டியா பாப்பா? வெறும் வயித்தோட நிக்காத."

சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மா, காலில் புண் ஆறாமல் கட்டுப் போட்டிருக்கிறவர், பயந்து பின்வாங்குகிறார். நர்ஸம்மா குனிந்து அந்தக் கட்டைப் பார்க்கிறார். மாத்திரை என்ன சாப்பிடுகிறார், எங்கே காட்டுகிறார் என்று கேட்கிறார். "சுகர் இருக்கிறவங்களுக்குத்தான்மா இது முக்கியம். உங்களுக்குக் கொரோனா வந்தா தாங்காது." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மா கையை நீட்டிவிட்டார்.

கைக்குழந்தைக்காரிக்கு வேறு கவலை. எட்டு மாதக் குழந்தை. பால் கொடுக்கிறவர்கள் போடக்கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். மாமியார் சொன்னதில் தப்பில்லை. 2021 தொடக்கத்தில் விதி அப்படித்தான் இருந்தது. மே 19-ஆம் தேதிதான் பாலூட்டும் தாய்மாருக்கும் போடலாம் என்று மாற்றினார்கள். நர்ஸம்மா இதைச் சொல்லிவிட்டு, "வூட்டுல போன் போட்டுக் குடு, நானே சொல்றன்" என்கிறார். போன் போகிறது. அந்தப் பக்கம் மாமியார் என்ன சொன்னாரோ, நர்ஸம்மா பொறுமையாக, "ஆமாங்கம்மா... இல்லீங்கம்மா... பால் குடுக்கலாங்கம்மா, நிறுத்தத் தேவையில்ல" என்று பேசிக்கொண்டிருக்கிறார். வரிசை அசையாமல் நிற்கிறது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆணைகளின் வேகமும் ஒரு நர்ஸின் நிதானமும் அந்தப் பின்நடையில் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஊசி ஏறியது எதனால் என்று கேட்டால், நான் பார்த்தவரை, அந்த நிதானத்தால்தான். வில்லியனூர்ப் பக்கம் ஒரு மனிதர் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்ட வீடியோவை அந்த மாதக் கடைசியில் நாடு முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் தன் வாசலுக்கு வந்த வெள்ளைச் சீருடையைக் கண்டு மரம் ஏறுகிறான் என்றால், அவனிடம் முன்னால் யாரும் உட்கார்ந்து பேசியிருக்கவில்லை என்று அர்த்தம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மயக்கம், அரிப்பு, மூச்சுத் திணறல் ஏதாவது வந்தால் உடனே பார்க்க வேண்டும். அதற்காகக் கடை வாடகைக்குப் பத்து பிளாஸ்டிக் நாற்காலி எடுத்திருக்கிறது. சிவப்பு நிறம். பின்நடையில் இரண்டு வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பெண்கள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வந்து உட்காருகிறார்கள்.

கடை நேரத்தில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நான் அன்றுதான் பார்க்கிறேன். மாடியில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடையாது. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதுவரை நிற்பார்கள். சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் இடைவெளி. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கணுக்காலை மற்றக் காலால் தேய்த்துக்கொள்கிறாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். டேட்டா தம்பி பதறிப்போய், "அக்கா, மயக்கமா?" என்று கேட்க, "இல்லடா தம்பி, ஒக்காந்தேன்ல, தூக்கம் வருது" என்கிறாள். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் பக்கத்துத் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சேர்த்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அங்கே அதற்காகப் போராடியவர்களும் துணிக்கடைப் பெண்கள்தான். புதுச்சேரிக்கு 1964-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம் போனால் உட்காருகிற உரிமை; இந்தப் பக்கம் அந்தத் திருத்தம் செல்லாது. இங்கே அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது மருத்துவ விதியால், ஆளுக்கு முப்பது நிமிடம். முப்பது நிமிடம் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து பெயரைக் கூப்பிடுகிறார். எழுந்து மாடிக்குப் போகிறார்கள். அன்று மதியம் புடவை மடித்த கைகளில் பாதி இடது கையைத் தூக்க முடியாத கைகள்.

அந்த நேரத்தில்தான் ஒரு சொல்தா வீட்டம்மா ரவிக்கை வாங்கிப்போக வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் மனைவி. இந்த ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸ் பக்கம் பிள்ளைகள், இங்கே முத்தியால்பேட்டையில் வீடு. மாமாவோடு பேசிக்கொண்டே நாற்காலி வரிசையைப் பார்க்கிறார்.

"எம் பொண்ணுக்கும் அங்க இப்பிடித்தான் டெய்லரே. ஆஸ்பத்திரில கிளீனிங் வேல பாக்குது. ஊசி போடலன்னா வேல இல்லன்னுட்டான். ஆனா போட்டுக்கப் போற நேரத்துக்குச் சம்பளம் புடிக்கக் கூடாதுன்னு சட்டமாம். மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாங்களாம்."

அவர் சொன்னது சரிதான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பிரான்ஸ் கொண்டுவந்த சட்டம் கடுமையானது. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிற எல்லோருக்கும், டாக்டர் முதல் துப்புரவாளர்வரை, ஊசி கட்டாயம். செப்டம்பர் 15-ஆம் தேதியிலிருந்து போடாதவர்கள் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டார்கள். 2023 மே மாதம்தான் அவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்தக் கடுமை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே சட்டத்துக்குள் இன்னொரு விதியும் இருந்தது: தடுப்பூசிக்காகப் போகிற நேரத்துக்கு ஊழியருக்கு அனுமதி கொடுக்க வேண்டும், அதற்காக ஒரு காசும் குறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2021 நவம்பரில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஊசி அல்லது வாராந்திர டெஸ்ட் என்று விதி போட்டபோதும், ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு மணி நேரம்வரை சம்பளத்தோடு நேரம் கொடு, ஜுரம் வந்தால் அதற்கும் லீவு கொடு என்று சேர்த்தே எழுதினார்கள். 2022 ஜனவரி 13-ஆம் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது என்பது வேறு கதை. கட்டாயப்படுத்த நினைத்தவர்கள்கூட அங்கே கூலியைப் பற்றி யோசித்தார்கள் என்பதுதான் என் கண்ணில் படுவது.

சொல்தா வீட்டம்மா பேசியதை நாற்காலியில் இருந்த பாகூர்ப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை பதினொரு பேர் வரவில்லை. ஜுரம், உடம்பு வலி. பதிவேட்டில் பதினொரு இடத்தில் ஆப்சென்ட். ஞாயிறும் நான்கு பேர் வரவில்லை. அது கிறிஸ்துமஸ் துணிக்கு ஆள் கூடுகிற நேரம்; சூப்பர்வைசர் ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டு, "டோலோ போட்டுக்கினு வந்துடும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கும் மேலிருந்து அழுத்தம். காலையில் அவரே ஒரு டோலோவை விழுங்கியதை நான் பார்த்தேன். அவரும் வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டவர்தான்.

ஒரு ஆள் மட்டும் வெள்ளிக்கிழமை வரிசைக்கே வரவில்லை. பேக்கிங் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கிறவர். அவர் அண்ணன் ஊசி போட்ட மறுவாரம் மாரடைப்பில் போனார். ஊசியால்தான் போனார் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவில்லை. அவர் மனதில் அது அப்படியே இறுகிவிட்டது. திங்கட்கிழமை வாசலில் வாட்ச்மேன் மிஷினை நீட்டவே இல்லை. கையைக் கீழே போட்டபடி நிற்கிறார்.

"உள்ள உடாதன்னுட்டாங்க அண்ணே."

"தெரியும்பா. பையைக் குடு. டிபன் பாக்ஸு உள்ள இருக்குது."

பையன் ஓடிப்போய் எடுத்துவந்தான். அவர் வாங்கிக்கொண்டு போனார். பிறகு கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் கேட்டதாகவும் அங்கேயும் சர்டிபிகேட் கேட்டதாகவும் மாமா சொன்னார். தமிழ்நாட்டு ஆணை அங்கே. எல்லையின் இரண்டு பக்கமும் கதவு.

அன்று மதியம் வாட்ச்மேன் மாமாவின் மிஷின் பக்கத்தில் வந்து நின்று டீ குடித்தார். அவர் ரோடியர் மில் ஆள். வெளியாட்களுக்கு ஏ.எஃப்.டி., ஊருக்கு ரோடியர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் அடிபட்டது அந்த மில். பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அவர் தாத்தா சவானா மில்லில் வேலை பார்த்தவர்.

"மில்லுல ஒரு நோட்டீஸ் ஒட்டுனா, அதுக்குக் கீழ சங்கத்து நோட்டீஸ் ஒண்ணு ஒட்டுவோம். மேனேஜ்மென்ட் ஒண்ணு சொன்னா, கேட்டுட்டு நாங்க ஒண்ணு சொல்லுவோம். இங்க சொவத்துல ஒரு பக்கத்துப் பேச்சுதான் இருக்குது."

1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில்லில் பிரெஞ்சுப் படை சுட்டு 12 தொழிலாளிகள் செத்துப்போனார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்குக் கிடைத்தது. 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணையாகவே வந்தது. இன்றும் ஜூலை 30 வந்தால் மாலை போடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் கேட்ட எட்டு மணி நேரம், அவர்கள் விழுந்த இடத்திலிருந்து ஐந்து நிமிட பஸ் தூரத்தில், ஜவுளிக்கடை மாடியில், பதினோரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மில்லில் சங்கம் இருந்தது. கடையில் சங்கம் இல்லை. ஊசி விஷயத்தில் நான் பார்த்த வித்தியாசம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. சங்கம் இருந்திருந்தால் ஊசி நின்றிருக்காது. லீவு வந்திருக்கும்.

2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் ஜேக்கப் புலியேல் என்கிற குழந்தை மருத்துவர். தீர்ப்பளித்தவர்கள் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய். வழக்கில் பேசப்பட்ட ஆணைகளில் தமிழ்நாட்டினுடையதும் ஒன்று. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின்படி ஒருவர் உடல் அவருடையது, யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை என்றும், பொது நன்மைக்காகத் தனிமனித உரிமைக்கு அளவான வரம்பு வைக்கலாம் என்றும், ஆனால் தொற்று குறைந்திருக்கும்போது ஊசி போடாதவரை மட்டும் பொது இடங்களிலிருந்து விலக்குவது அந்த அளவை மீறியது என்றும் சொன்னார்கள். தனியார் நிறுவனங்களும் தங்கள் நிபந்தனைகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று யோசனை கூறினார்கள். மேகாலய உயர் நீதிமன்றம் இதன் முதல் பாதியை 2021 ஜூனிலேயே, கடைக்காரர்களையும் டாக்ஸி ஓட்டுநர்களையும் மனதில் வைத்துச் சொல்லியிருந்தது.

நல்ல தீர்ப்பு. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது யோசனையாக வந்து சேர்ந்த இடத்தில், பேக்கிங் அண்ணனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் இடத்தில் ஜனவரியிலேயே வேறு ஆள், காண்ட்ராக்டில், குறைந்த கூலிக்கு வந்துவிட்டான். பதினெட்டு வருடச் சேவைக்குக் கணக்கு முடித்தார்களா என்று மாமாவைக் கேட்டேன். "இன்னும் ஒண்ணும் குடுக்கலயாம்" என்றார். பேக்கிங் அண்ணன் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினால் ஜெயிப்பார் என்றே நம்புகிறேன். எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். நான் எழுதிக்கொடுக்கத் தயார் என்று மாமாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அதற்கு முன் நடந்த டிசம்பர் மாதச் சம்பள நாளைச் சொல்லாமல் இது முடியாது. 2022 ஜனவரி முதல் வாரம். ஒமைக்ரான் பேச்சு தொடங்கிவிட்டது. அக்கவுண்ட்ஸ் அரைக்கதவுக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து கவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். பாகூர்ப் பெண் கவரை அங்கேயே பிரித்து எண்ணுகிறாள்.

"சார், 280 கம்மியா இருக்குது."

"ஒரு நாள் ஆப்சென்ட்மா."

"ஊசி போட்ட மறுநாள் சார் அது. நீங்கதான போடச் சொன்னீங்க?"

அக்கவுண்டன்ட் நல்ல மனிதர். அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "கவர்மென்ட் சொல்லுச்சும்மா" என்கிறார்.

"கவர்மென்ட் ஊசி போடச் சொல்லுச்சு. சம்பளத்தப் புடிக்கச் சொல்லுச்சா சார்?"

அவளுக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி வந்து நிற்கிறாள். அவளுக்கு இரண்டு நாள் பிடித்திருக்கிறது. சர்க்கரைக்கார அம்மா வருகிறார். கவர் வாங்கிவிட்டுப் படியேறிய இரண்டு பேர் திரும்பி இறங்குகிறார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. கதவுக்கு முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். மாமா மிஷினை நிறுத்திவிட்டார்.

அக்கவுண்டன்ட் முதலாளிக்குப் போன் போடுகிறார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வைத்துவிட்டு வந்து, "வார லீவுல கழிச்சுக்கலாம்னு சொல்றாரு" என்கிறார். அதாவது, பிடித்த பணம் வரும். ஜுரத்தில் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஜனவரியில் வார லீவு ஒன்று போகும். பொங்கல் கூட்டத்துக்கு ஆளும் கிடைக்கும்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தைக்காரி மெல்ல, "எனுக்குப் பணந்தான் வேணும்" என்கிறாள். அப்படியே முடிவாகிறது.

"மத்தவங்களுக்கும் இப்பிடியே போடுங்க சார்" என்கிறாள் பாகூர்ப் பெண்.

"அவங்க வந்து கேக்கட்டும்மா."

அவள் படியேறிப் போகிறாள். மேலே கூட்டம் தொடங்கிவிட்டது. கவுன்டரை விட்டு இறங்கிவர முடிந்தது இரண்டு பேரால்தான். மற்றவர்களுக்குப் பிடித்தது பிடித்ததுதான்.